கடைமடைக்கு வராத சூடு: சில்லிடும் விரல்களைச் சீன மருத்துவம் எப்படிப் பார்க்கிறது?

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நின்றுகொண்டு, "விரல் குளுந்து விறைச்சுப் போகுது" என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் இந்த ஊரிலும் உண்டு. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து கடை அடைக்கும்வரை ஏசிக்கு நேர் கீழே நின்று சேலை விரித்துப் போடும் பெண்கள் சொல்வார்கள். உவரி, கூடுதாழைப் பக்கம் ஐஸுக்குள் கையை விட்டு மீன் பிரிக்கிறவர்கள் சொல்வார்கள். சாரல் நாளில் விடியுமுன் தென்காசி ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்கள் சொல்வார்கள். 2024இல் தோட்டம் மூடப்படும்வரை மாஞ்சோலையிலும் நாலுமுக்கிலும் மழைக்குள் நின்று கொழுந்து பறித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம்.

ஊர் சூடாக இருந்தால் விரல் சில்லிடாது என்பதில்லை. விரலில் ஓடும் ரத்தக்குழாய்க்குச் சட்டென்று மாறும் சூடுதான் பிரச்சினை. வெளியே 38 டிகிரி, கடைக்குள் 22 டிகிரி என்றால் அந்த 16 டிகிரி வித்தியாசமே போதும்.

இப்படி அவதிப்படுகிறவர்களுக்கு இப்போது இரண்டு யோசனைகள் கிடைக்கின்றன. ஒன்று, அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியம் பார்க்கச் சொல்வது. நெல்லையிலும் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, இணையத்தில் விற்கும் சீன மூலிகை மாத்திரை. இரண்டுமே சீன மருத்துவத்தின் கிளைகள். அந்த மருத்துவம் சில்லிட்ட விரலைப் பார்த்து என்ன நினைக்கிறது, அதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைப் புதிதாகக் கேட்கிறவருக்குப் புரியும்படி சொல்வதே இந்தக் கட்டுரை.

முதலில், விரலுக்குள் என்ன நடக்கிறது?

தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். உடம்புக்கு விரல் நுனிதான் கடைமடை. உடம்பின் நடுப்பகுதியை 37 டிகிரிக்கு அருகில் வைத்திருப்பது மூளையின் முதல் வேலை. குளிர் பட்டதும், உள்ளே இருக்கும் இதயத்தையும் குடலையும் காப்பாற்றுவதற்காகத் தோலுக்குப் போகும் மடைகளை அது அடைக்கிறது. விரல் நுனியில் தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்குக் குழாய்கள் நிறைய உண்டு. சூட்டை வெளியே விடுவதும் உள்ளே பிடித்து வைப்பதும் பெரும்பாலும் அவற்றின் வழியேதான். குளிரில், நம் விருப்பம் இல்லாமலே வேலை செய்யும் பரிவு நரம்புகள் அவற்றை இறுக்குகின்றன. இது எல்லோருக்கும் நடக்கும்.

சிலருக்கு இந்த மடை மிகச் சீக்கிரமாக, மிக இறுக்கமாக அடைத்துக்கொள்கிறது. குளிர் போன பிறகும் உடனே திறப்பதில்லை. 1862இல் மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத் தன் ஆய்வேட்டில் விவரித்தார். அவர் பெயராலேயே ரேனோ என்கிறார்கள். விரல் முதலில் வெளுக்கும்: ரத்தம் வரவில்லை. பிறகு நீலம் பாயும்: உள்ளே நிற்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. கடைசியில் சிவந்து குத்தும், எரியும்: மடை திறந்துவிட்டது. மூன்று நிறமும் எல்லோருக்கும் வரவேண்டும் என்றில்லை. நம்முடைய மாநிறத் தோலில் இந்த வெளுப்பு புத்தகப் படத்தில் இருப்பதுபோல் பளிச்சென்று தெரியாது. விரலின் உள்பக்கத்திலும் நகத்துக்கு அடியிலும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். குளிர் மட்டுமல்ல, மனப்பதற்றமும் இதைத் தூண்டும். பரீட்சை அறையில் விரல் வெளுக்கும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை.

நம் பக்கம் கையில் என்ன கோளாறு வந்தாலும் "ரத்த ஓட்டம் இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. நிறம் மாறாமல் எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருந்தால் அது பெரும்பாலும் நரம்பு. நம் ஊரில் சர்க்கரை நோயே அதற்கு முதல் சந்தேகம். ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, கையை உதறினால் சரியாவது மணிக்கட்டு நரம்பு அழுந்துவதால். தையல்காரர்களும் பீடி சுற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டியது. விரல் மட்டுமல்லாமல் உடம்பே எப்போதும் குளிர்கிறது, சோர்வாக இருக்கிறது என்றால் ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சீனக் கண்ணில் இதே விரல்

சீன மருத்துவத்தின் மூலநூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியது. உடம்பில் ஓடும் பன்னிரண்டு முக்கிய நாளங்களைச் சீனாவின் பன்னிரண்டு ஆறுகளோடு அது ஒவ்வொன்றாகப் பொருத்துகிறது. ஆற்றங்கரை மனிதர்கள் எழுதிய மருத்துவம்; நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அந்த நாளங்களில் ஓடுவன இரண்டு. ஒன்று 'சீ' என்னும் இயக்கும் ஆற்றல், மற்றது ரத்தம். சீ நகர்ந்தால் ரத்தம் நகரும் என்பது அவர்களின் அடிப்படை விதி. இவற்றுக்குச் சூடு தருவது 'யாங்'. குளிர் என்பது அவர்களுக்கு வெறும் தட்பவெப்பம் அல்ல, உள்ளே புகுந்து நாளத்தைச் சுருக்கி உட்கார்ந்துகொள்ளும் ஒரு நோய்க்காரணி.

இந்த நாளங்களை அறுத்துப் பார்த்தால் காண முடியாது; உடற்கூறியலில் அவற்றுக்கு இடமில்லை. அவற்றை ஒரு வைத்திய மரபு நோயை வகைப்படுத்தப் பயன்படுத்தும் வரைபடம் என்று எடுத்துக்கொண்டால் போதும். வாதம், பித்தம், கபத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அப்படித்தான்.

இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு சீன வைத்தியர் கேட்கும் கேள்வி, விரல் ஏன் குளிர்ந்தது என்பதல்ல. சூடு எங்கே நின்றுபோனது என்பது. ஊற்றிலேயே நீர் இல்லையா? நீர் இருந்தும் வழியில் அடைப்பா? இல்லை, யாரோ மடையைப் பூட்டிவிட்டார்களா?

ஒருவருக்கு விரல் மட்டுமல்ல, முதுகும் பாதமும் குளிரும், நல்ல வெயிலிலும் போர்வை வேண்டும், வயிறு அடிக்கடி இளகும், வெந்நீர்தான் பிடிக்கும். இவருக்கு யாங் குறைவு என்பார்கள், அதாவது ஊற்றே வற்றியிருக்கிறது. இன்னொருவர் மெலிந்த பெண், முகம் வெளிறியிருக்கும், மாதவிலக்கில் ரத்தம் குறைவாகவோ வலியோடோ போகும், நாடி நூல்போல மெலிதாக ஓடும். ரத்தம் மெலிந்த இடத்தில் குளிர் வந்து குடியேறிவிட்டது என்று சொல்வார்கள். மூன்றாமவருக்கு விரல்தான் சில்லென்று இருக்கும், உள்ளே கொதிக்கும். எரிச்சல், பெருமூச்சு, நெஞ்சு அடைப்பதுபோல ஓர் உணர்வு. இவரிடம் சூடு போதுமான அளவு இருக்கிறது, மன இறுக்கத்தில் மடை பூட்டிக்கிடக்கிறது. இவருக்குச் சூடேற்றும் மருந்து கொடுத்தால் தப்பு. விரல் கருநீலமாகி, குத்தும் வலியும் புண்ணும் வந்துவிட்டால் ரத்தம் தேங்கிவிட்டது என்பது நான்காவது நிலை.

சீன மருத்துவத்தைப் பற்றி ஒன்றே ஒன்று நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி சில்லிடும் விரலோடு வரும் நான்கு பேருக்கு அது நான்கு விதமான வைத்தியம் பார்க்கும். அதனால்தான் 'ரத்த ஓட்டத்துக்கு' என்று ஒட்டிய ஒரே டப்பாவை எல்லோருக்கும் விற்பது சீன மருத்துவத்தின் கணக்கிலேயே தவறு. அவர்கள் நாக்கைப் பார்ப்பார்கள், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார்கள், தூக்கம், செரிமானம், மாதவிலக்கு எல்லாம் விசாரிப்பார்கள். 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் பக்கம் போயிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. சித்தத்திலும் மூன்று விரல்தான். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். சீனத்தில் அதே மூன்று இடங்களும் வெவ்வேறு உள்ளுறுப்புகளைச் சொல்கின்றன. போகர் சீனத்துக்குப் போய் வந்தார் என்ற சித்தர் மரபுக் கதையை இந்த இடத்தில் யாராவது கட்டாயம் இழுப்பார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கும். சரித்திரமாக நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பழைய கஷாயம்

கிழக்கு ஹான் அரசின் கடைசிக் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டி, சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் 'ஷாங்ஹான் லுன்' என்ற நூலின் மூலத்தை எழுதினார். குளிரால் வரும் நோய்களைப் பற்றியது. இருநூறுக்கு மேல் ஆட்கள் இருந்த தன் குலத்தில் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர் நோயால் என்று அதன் முன்னுரை சொல்கிறது. கையும் காலும் சில்லிட்டு, நாடி அற்றுப்போவதுபோல் மெலிந்தவருக்கு அந்த நூல் சொல்லும் கஷாயம்தான் 'தாங்குவெய் சிநி தாங்'. சீன வைத்தியர்கள் ரேனோவுக்கு இன்றும் முதலில் நினைப்பது இதைத்தான். நான் மேலே சொன்ன இரண்டாவது ஆளுக்குப் பொருந்துவது.

அதில் ஏழு சரக்கு. மூன்றின் உறவினர்களை நம் நாட்டு மருந்துக் கடையிலும் சந்தையிலும் பார்க்கலாம்: கருவாப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, அதிமதுரம், பெரிய சீன இலந்தைப்பழம். ஆமாம், பள்ளிக்கூட வாசலில் இலந்தை வடையாக விற்கும் அந்த இலந்தையின் தாயாதிதான். மீதி நான்கு நம் ஊரில் விளையாதவை: தாங்குவெய் என்னும் வேர், பியோனி வேர், ஷிஷின் என்னும் இன்னொரு வேர், மூதோங் என்னும் கொடித்தண்டு. முதல் இரண்டும் ரத்தத்தை ஊட்டும், பட்டைக் கிளையும் ஷிஷினும் குளிரை விரட்டும், மூதோங் வழியைத் திறக்கும், இலந்தையும் அதிமதுரமும் வயிற்றைத் தாங்கும் என்பது அவர்கள் சொல்லும் வேலைப் பிரிவினை. ஜப்பானில் இதோடு இஞ்சியும் இன்னொரு காயும் சேர்ந்த வடிவத்தைப் பனிக்கடி விரல்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே 148 பழைய மருந்துக் கலவைகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடே பணம் தருகிறது. எழுதிக் கொடுக்கிறவர்கள் நவீன மருத்துவம் படித்தவர்கள்.

பட்டை, அதிமதுரம், இலந்தைதானே, நாமே போட்டுக் காய்ச்சிவிடலாமே என்று கை பரபரக்கும். பொறுக்க வேண்டும், பெரிய ஆபத்து அந்த மீதி நான்கில் இருக்கிறது.

மூதோங் என்ற பெயரில் ஒரு காலத்தில் வேறொரு கொடியை விற்றார்கள். அது ஆரிஸ்டொலோகியா இனம். அதிலிருக்கும் ஆரிஸ்டொலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிச் செயலிழக்கச் செய்யும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் இதே இனத்துச் செடி ஒன்று ஆள்மாறிச் சேர்ந்ததால்தான். 2003இல் சீனாவே அந்தக் கள்ள மூதோங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஷிஷினும் அதே குடும்பம். அதனால் அதைக் கூர்ந்து சோதித்தே பயன்படுத்த வேண்டும்.

இது சீனாக்காரர்கள் கவலை என்று ஒதுக்க முடியாது. நம் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் ஆடுதின்னாப்பாளை ஆரிஸ்டொலோகியாதான். ஈசுரமூலியும் அதுதான். ஆடு தொடாததை நாம் ஏன் தொட வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. "மூலிகைதானே அண்ணாச்சி, என்ன செஞ்சிரப் போகுது" என்கிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

மற்றவையும் சும்மா இருப்பவை அல்ல. தாங்குவெய், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவைக் கூட்டலாம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஆயுஷ் என்று நம் அரசு ஏற்றிருக்கும் மருத்துவ முறைகளில் சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் உண்டு, சீன மருத்துவம் இல்லை. ஆகவே பார்சலில் வரும் சீன மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க நம் ஊரில் ஆளில்லை. அதை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஊசியும் புகையும்

அக்குபங்சரில் மயிரிழை போன்ற ஊசி. சில்லிடும் விரலுக்குப் பொதுவாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள ஹேகு, விரல்கள் சேரும் இடுக்குகளில் ஒரு கைக்கு நான்காக இருக்கும் பாஷியே, முழங்காலுக்குக் கீழே உள்ள சூசான்லி போன்ற புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். விரல் நோவுக்கு முழங்காலில் ஏன் குத்துகிறார் என்று புதியவர்கள் மிரள்வார்கள். அது ஊற்றைப் பெருக்க; கை இடுக்கில் குத்துவது வழியைத் திறக்க. ஊசியின் தூண்டலால் தோலின் ரத்த ஓட்டம் தற்காலிகமாகக் கூடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் ரேனோ தாக்குதல்கள் குறைகின்றனவா என்று பார்த்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை, முடிவுகளும் ஒத்துப்போகவில்லை. மூலிகைக் கஷாயத்தின் நிலையும் அதேதான். நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரைகளுக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. அவற்றிலும் தலைவலி, கால் வீக்கம் என்று தொல்லைகள் இல்லாமலில்லை. அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், லேசான தொல்லை உள்ளவர்கள் ஊசியை முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒருமுறை குத்தி எறியும் ஊசியா என்று கண்ணால் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஹேகுவில் குத்துவதைச் சீன மரபே தவிர்க்கிறது.

மோக்ஸா என்பது உலர்ந்த ஒரு மூலிகையைச் சுருட்டிக் கொளுத்தி, தோலுக்கு அருகில் காட்டி வெதுவெதுப்பு ஏற்றுவது. பூக்கட்டுகிறவர்கள் கதம்பத்தில் வைக்கும் மரிக்கொழுந்தின் இனம்தான் அது. குளிர்ந்த கைக்கு இதமாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவர்களுக்கு மட்டும் இது வேண்டாம். சுட்டது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீர்ப் பைக்கும் இதே எச்சரிக்கை.

நம் வீட்டில் எடுத்துக்கொள்ளக்கூடியது

சீன மருத்துவமும் நவீன மருத்துவமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. என் கணக்கில் அதுதான் மிகவும் பயன்படும். விரலைச் சூடாக்குவதற்கு முன் நெஞ்சையும் வயிற்றையும் சூடாக வைக்க வேண்டும். நடு உடம்பு சூடாக இருந்தால் மூளைக்குக் கடைமடையை அடைக்கும் அவசியம் குறைகிறது. ஆகவே ஏசிக் கடையில் வேலை என்றால் கையுறையைவிட, சீருடைக்குள் ஒரு பனியன் அதிகம் உதவும். கழுத்தை மூடலாம், காலுறை போடலாம். விரல் வெளுத்த பிறகு கையுறை போடுவது தாமதம். பிரிட்ஜைத் திறக்கும் முன், பைக்கை எடுக்கும் முன் போட வேண்டும். வெளுத்துவிட்டால் கொதிக்கும் நீரில் கையை முக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர் போதும், இல்லையென்றால் கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளலாம், தோளிலிருந்து கையை வேகமாகச் சுற்றலாம்.

குளிர்ந்த பானமும் பச்சைக் காய்களும் யாங்கைத் தின்னும், இஞ்சி போட்ட சூடான கஞ்சி அதை வளர்க்கும் என்பார்கள் சீனர்கள். உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி அந்த வேலையை நமக்குச் செய்யும். மருந்தாக இல்லை, சூடாக ஏதாவது குடித்தால் உடம்பு சூடாகும், அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியைக் கணக்கில் வைக்கவும்.

பீடியை விடாமல் இதில் எதைச் செய்தும் பெரிய பயனில்லை. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். பீடியோ சிகரெட்டோ பிடிக்கும் இளைஞர்களுக்கு வரும் பர்கர் நோயில் விரலின் தமனியே அடைத்து, புண்ணாகி, கடைசியில் விரலை எடுக்கும் நிலை வருகிறது. புகையை அடியோடு நிறுத்துவதைத் தவிர அதைத் தடுக்கும் வழி இல்லை. ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் தாங்களே பிடிப்பதில்லை என்றாலும் புகையிலைத் தூளில்தான் நாளெல்லாம் கை. விரல் வெளுக்கிறது என்று டாக்டரிடம் போனால் செய்யும் தொழிலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கல் குவாரியில் டிரில் பிடிக்கிறவர்களும் அப்படியே. அந்த அதிர்வே வருடக்கணக்கில் விரல்களை வெளுக்க வைக்கும்.

எப்போது ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? இருபது வயதை ஒட்டித் தொடங்கி, இரண்டு கையிலும் ஒரேபோல வந்து, புண்ணில்லாமல் சூடானதும் சரியாகிவிடும் ரேனோ பெரும்பாலும் தொல்லை மட்டுமே. நாற்பதுக்கு அருகில் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரல்தோல் இறுகி மோதிரம் கழற்ற முடியாமல் போனாலோ, சாப்பாடு விழுங்கச் சிரமம், மூட்டுவலி, விரல்நுனிப் புண் என்று எதுவாவது சேர்ந்தாலோ பின்னால் ஸ்க்ளீரோடெர்மா, லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் இருக்கலாம். நகத்தின் அடித்தோலை லென்ஸ் வைத்துப் பார்த்து, ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடிப்பார்கள். நுனி கறுத்துவிட்டால் அன்றைக்கே போக வேண்டும், ஊசிக்காரரிடம் அல்ல.

டாக்டர் அறைக்குள் போகும்போது விரல் பெரும்பாலும் நல்ல நிறத்தில்தான் இருக்கும். அதனால் வெளுக்கும் நேரத்திலேயே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் அடினோலால், ப்ரோப்ரனோலால் வகையும் ஒற்றைத் தலைவலிக்கான எர்கோட் வகையும் விரலைச் சில்லிட வைப்பவை. தானாக நிறுத்தாமல், வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டால் போதும்.